வெயில் தணிந்த ஒக்டோபரில் வெறும் காற்றுக்கு ஏன் இவ்வளவு பயம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கலிபோர்னியாவுக்குக் குடிவந்து இது முதல் இலையுதிர் காலம். வெயில் குறைந்துவிட்டது. ஆனாலும் பலத்த காற்று வீசப்போகிறது என்று அறிவித்து இரண்டு நாள் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீன் எல்லாம் பழுதாகிவிட்டது. வெறும் காற்றுக்கு இது கொஞ்சம் அதிகமில்லையா?

அதிகமில்லை. நான் கலிபோர்னியாவைக் கண்ணால் கண்டவன் அல்ல. திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் இருக்கிறேன். ஆனால் "வெறும் காற்று" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகு பேசாமல் போக மனம் வரவில்லை. நானும் ஒருகாலம் அப்படிச் சொன்னவன்தான்.

எங்கள் பக்கம் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் வீசும். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே வேர்க்கடலைக்கும் அதே பெயர்தான். நான் சொல்வது மேற்கே இருந்து வரும் காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வந்து இரத்தினபுரிப் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்குகிற காற்று அமுங்கும், அமுங்கினால் சூடேறும். ஒரு கிலோமீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 10 பாகை கூடும். அங்கே குடை பிடிக்கிற நாளில் இங்கே கொடியில் போட்ட சாரம் (லுங்கி) கால் மணித்தியாலத்தில் மொறமொறப்பாகிவிடும். உதடு வெடிக்கும்.

உங்கள் பக்கத்துச் சான்டா ஆனா காற்று பருவக்காற்று இல்லை, அது எனக்குத் தெரியும். உள்நாட்டு உயரமான பாலைநிலத்தில் தேங்கிய கனத்த காற்று கணவாய்களுக்குள்ளால் கடலை நோக்கிச் சரிகிறது. வடக்கு கலிபோர்னியாவில் வேறொரு பெயர் சொல்வார்கள். பிறப்பு வேறாக இருந்தாலும் இறங்க இறங்கச் சூடாகிக் காய்ந்துபோவது இரண்டுக்கும் ஒன்றுதான். இன்னொரு ஒற்றுமைதான் முக்கியமானது. இரண்டும் முதல் மழைக்கு முந்திய வாரங்களிலும் வீசும். எங்களுக்குப் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான், மார்கழி, தை வரை போகும். கச்சான் முடிகிற நேரத்தில் பற்றைகள் மாதக்கணக்காகக் காய்ந்து கிடக்கும். உங்களுக்கும் கோடை முழுக்க மழையில்லை, ஒக்டோபரில்தான் புல்லும் புதரும் மிக மோசமாகக் காய்ந்திருக்கும். அன்றைக்கு வெயில் சுடுகிறதா என்று பார்ப்பதைவிட, கடைசி மழை எப்போது பெய்தது என்று பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2016 ஆவணி. காலை ஆறரை மணி, ஓலை கூட அசையவில்லை. வளவு கூட்டிய சருகும் காவோலையும் நாலைந்து நாளாகக் குவிந்து கிடந்தன. கொளுத்தினேன். ஏழேகாலுக்கு எரிந்து முடிந்தது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன், காலால் கிளறிப் பார்த்தேன், புகையில்லை. வேலைக்குப் போகக் குளிக்கப் போனேன்.

குவியலுக்கு அடியில் பழைய தென்னங்குற்றி ஒன்று மண்ணோடு மண்ணாக இருந்தது. அதை நான் நினைக்கவேயில்லை. அதன் உட்சோற்றுக்குள் தணல் இருந்திருக்கிறது. பத்து மணிக்குக் கச்சான் எழும்பியது. பத்தேகாலுக்கு மனைவி தொலைபேசியில் சொன்ன முதல் சொல் "ஓடி வாங்கோ" என்பதுதான்.

நான் வந்து சேர்ந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒன்றுமில்லை. காற்று மேற்கே இருந்து வந்ததால் நெருப்பு கிழக்கே, பக்கத்து வெறுங்காணிக்குள் போயிருந்தது. இலுக்குப் புல்லும் வடலியும் (இளம் பனை) ஆள் உயரத்துக்கு நின்ற காணி. நெருப்பு தரையில் ஊர்ந்து வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது பறந்தது. எரிந்த ஓலைத் துண்டொன்று எங்கள் தலைக்கு மேலால் போய் முப்பது அடி தள்ளி விழுந்தது, விழுந்த இடத்தில் புதுசாக ஒரு நெருப்பு. ஒன்றை அடித்து அணைக்கிறோம், பின்னால் இரண்டு. ஈரச் சாக்கும் வேப்பங்கொப்பும்தான் எங்களிடம் இருந்தது. ஆவணியில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? ஐந்து நிமிடம் ஓடியதும் மோட்டர் காற்றை இழுத்தது. பிறகு வாளிதான், அதுவும் அடியில் தட்டித் தட்டி அள்ளினோம்.

ஒழுங்கைப் பெடியன்கள் பதினைந்து பேர் வரை வந்தார்கள். இரண்டு பேர் கத்தியோடு முன்னே ஓடி வடலியை வெட்டி இடைவெளி எடுத்தார்கள். அதனால்தான் வடக்குப் பக்கம் தப்பியது. கிழக்கு ஓரத்தில் பின் ஒழுங்கை மாமியின் கிடுகு வேலி. அது எரிந்து முடிய எடுத்த நேரம், நம்புங்கள், நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர் திரும்பிப் பார்க்கிற நேரம். வேலியோடு ஆட்டுக்கொட்டில். தாய் ஆடுகளை அவிழ்த்துவிட்டோம். மூலையில் கட்டியிருந்த குட்டி ஒன்றுக்குக் கிட்டப் போக முடியவில்லை.

மாமி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "வேணுமெண்டா செய்தனீ தம்பி?" என்று மட்டும் கேட்டா. வேலியையும் கொட்டிலையும் நான் கட்டிக் கொடுத்தேன், ஆட்டுக்குட்டிக்கும் காசு கொடுத்தேன், அவ வாங்க மாட்டேன் என்றதை மகளிடம் கொடுத்தேன். அந்தக் குட்டியின் சத்தம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

குப்பையை எரித்ததே பிழை என்று கீழே எழுத வருவீர்கள். பிழைதான். ஆனால் எங்கள் ஒழுங்கைக்குள் அப்போது குப்பை வண்டி வருவதில்லை. சருகைக் குவித்து வைத்தால் பாம்பு, எரித்தால் இது. இப்போது குழி வெட்டித் தாட்டு உரமாக்குகிறேன். "சேனைக்காரர் ஆவணியில் முழுக்காட்டையே எரிக்கிறார்களே" என்றும் சிலர் சொல்வார்கள், காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்கிறவர்களைத்தான் சேனைக்காரர் என்கிறோம். விபரம் தெரிந்த சேனைக்காரர் சுற்றிவரச் சுத்தமாகச் செருக்கி, ஆள் நிறுத்தி, காற்றைப் பார்த்துத்தான் தீ வைப்பார். நான் அப்படிச் செய்யவில்லை.

இதைச் சொல்லும்போது அந்த வெறுங்காணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உடைமைக்காரர் வெளிநாட்டில். பல வருடமாகத் துப்பரவு செய்யாத காணி. பிள்ளைகள் படித்து நல்லாயிருக்கட்டும், அவர்கள் போன காரணமும் எனக்குத் தெரியும், போரில் இந்த மண்ணில் என்ன நடந்தது என்று நானும் பார்த்தவன். ஆனால் வருடம் ஒருதரம், ஆடி பிறக்க முன், யாருக்காவது நாலு நாள் கூலி அனுப்பிப் பற்றையை வெட்டுவிக்க முடியாதா? காணி விலை கேட்க மட்டும் தொலைபேசி எடுக்கிறார்கள். எரிந்த செய்தியைச் சொன்னபோது, "நல்லது, துப்பரவாகிவிட்டது" என்றார் அந்த மனிதர். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் வருகிறது. நீங்களும் ஊரில் காணி வைத்திருப்பவர் என்றால் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அந்தப் பற்றைக்குப் பக்கத்தில் ஒரு மாமி இருப்பா.

மின்சாரத்துக்கு வருகிறேன். 2018 நவம்பர் 8 காலை, வடக்கு கலிபோர்னியாவில் மின்கம்பியில் தொடங்கிய தீ பரடைஸ் என்ற ஊரையே தின்றது. 85 பேர் இறந்தார்கள். அன்று வெயில் கொளுத்தவில்லை, நவம்பர் மாதம். மழை பிந்தியிருந்தது, காய்ந்த காற்று பலமாக வீசியது, பொறி ஒன்று விழுந்தது, அவ்வளவுதான். கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் கம்பி அறுந்து விழுந்தாலும் பொறி வராது. உங்கள் மீன் பழுதானது எனக்கும் கவலைதான், சும்மா சொல்லவில்லை. ஆனால் நான் தீக்குச்சி கிழிக்க முன் யாராவது வந்து என் கையில் இருந்து பெட்டியைப் பறித்திருந்தால் அவரை இன்றைக்கும் கும்பிடுவேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். காற்று வருகிறது என்று அறிவித்ததும் கூரைப் பீலியில் கிடக்கும் இலைகளை அள்ளி எறியுங்கள். சுவரோடு ஒட்டிக் கிடக்கும் சருகு, விறகு, பாய் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். தூரத்து நெருப்பின் பொறி பறந்து வந்து அங்கேதான் விழும். பழைய மரக்குற்றி ஏதும் வளவில் இருந்தால் அதன் பக்கம் நெருப்பே வேண்டாம்.