வேலூர்க் குளிரில் ஓட்டப் பயிற்சி: கேள்வியும் பதிலும்

கார்த்திகை மழை ஓய்ந்ததிலிருந்து மாசி முடியும் வரைதான் வேலூரில் நீண்ட தூரம் ஓடிப் பழகத் தோதான காலம். அதற்குப் பிறகு காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடும். ஞாயிறு அதிகாலைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் விட்டுப்போய்த் திரும்பி வந்தவர்களும் கேட்டவற்றுக்கு, பயிற்சியைக் கவனித்துக்கொள்ளும் அக்கா சொன்ன பதில்கள் இவை.

அக்கா, அஞ்சு மணிக்கு செம குளிரா இருக்கு. ஸ்வெட்டர், குல்லா போட்டுக்கிட்டு ஓடலாமா? (சத்துவாச்சாரி, 29)

வேண்டாம். நம்ம ஊர் மார்கழி அதிகாலை பெரும்பாலும் 17, 18 டிகிரி. நிற்கிறவருக்குத்தான் அது குளிர். ஓட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் உடம்பு தானே சூடாகிவிடும். வெளியே இருப்பதைவிட 8, 10 டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்துங்க. கிளம்பும்போது லேசாக நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கீங்க என்று அர்த்தம். பாலியெஸ்டர் அரைக்கை டீ-ஷர்ட் போதும். பருத்தி பனியன் வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஓடி முடித்து நின்றதும் அந்த ஈரம்தான் உடம்பை ஜில்லென்று ஆக்கும். ஸ்வெட்டரை வண்டிப் பெட்டியில் வையுங்க, முடித்ததும் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கலாம். அக்குள், தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்குங்க. ஆண்கள் 12 கிலோமீட்டருக்கு மேல் போனால் மார்க்காம்பில் மைக்ரோபோர் டேப் (காயக்கட்டுக்கு ஒட்டும் காகித டேப்) ஒட்டிக்கணும். ஒட்டாதவர் சட்டையில் ரத்தக் கோடு தெரியும்.

குளிர் வந்ததும் அதே ரோட்ல கிலோமீட்டருக்கு 7 நிமிஷத்துல இருந்து 6:30க்கு வந்துட்டேன். மூச்சும் வாங்கல. இப்படியே கூட்டிக்கிட்டுப் போகலாமா? (காந்தி நகர், 33)

குளிர் ஆளை ஏமாற்றுவது இங்கேதான். வெயில் காலத்தில் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கு உடம்புச் சூட்டை வெளியேற்றத் தோலுக்குப் போய்விடும். குளிரில் அந்தப் பங்கும் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் கிடைக்கிறது. நாடித்துடிப்பு இறங்கும், மூச்சு இலகுவாகும், வேகம் தானாக ஏறும். ஆனால் எலும்பும் தசைநாரும் ஐப்பசியில் இருந்த அதே எலும்பும் தசைநாரும்தான். மூச்சு சில வாரத்தில் தேறும், அவை உறுதிப்பட மாதங்கள் ஆகும். மார்கழியில் இஷ்டத்துக்குக் கூட்டியதற்குத் தை நடுவில் முழங்காலும் முன்காலும் கணக்குக் கேட்கும்.

வேகம், தூரம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீங்க. வாரத்தில் ஒருநாள் மட்டும் வேகமாக ஓடுங்க, மற்ற நாளெல்லாம் ஈஸி ரன். ஈஸி என்றால், நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகச் சொல்ல முடியணும். "புளி… கொழம்பு" என்று இடையில் மூச்சு வாங்கினால் அது ஈஸி இல்லை, வாட்ச் என்ன சொன்னாலும் சரி.

மேடம், இப்ப 5 கி.மீ. நிக்காம ஓடுறேன். மூணு மாசத்துல ஹாஃப் மாரத்தான் முடியுமா? (விருதம்பட்டு, 38)

முடியும். வாரம் நாலு நாள் போதும். செவ்வாய் 5 கி.மீ. ஈஸி. வியாழன் 6 கி.மீ., அதன் கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம் நான்கு முறை, நடுவில் ஒரு நிமிட நடை. சனி 4 கி.மீ. மெதுவாக. ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம். பன்னிரண்டு ஞாயிறுக்கும் கிலோமீட்டர் இப்படிப் போகும்: 8, 9, 10, 8, 11, 12, 14, 10, 16, 18, 12, பிறகு போட்டி நாளில் ஹாஃப் மாரத்தானின் 21.1. நாலாவது, எட்டாவது வாரம் தூரம் இறங்குவதைக் கவனிச்சீங்களா? நிறையப் பேர் "நல்லாத்தானே இருக்கேன்" என்று அதை விட்டுவிடுவார்கள். ஏழு வாரச் சுமையை உடம்பு செரிப்பது எட்டாவது வாரத்தில்தான், அதனால் இந்த அட்டவணையில் கை வைக்கக்கூடாத வாரம் அது.

பயிற்சியில் 18க்கு மேல் தேவையில்லை. கடைசி மூன்று கிலோமீட்டரை அன்றைய கூட்டமும் மேளமும் இழுத்துக்கொண்டு போய்விடும். லாங் ரன்னை உங்கள் போட்டி வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மெதுவாகவே ஓடுங்க. ஒரு ஞாயிறு தவறினால் அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓடிச் சரிக்கட்ட வேண்டாம், போனது போகட்டும்.

அக்கா, முன்கால் எலும்பு ஓரமா வலிக்குது. ஓடி சூடானா குறையுது, நிறுத்தினதும் திரும்ப வருது. (மாணவன், காட்பாடி, 20)

தம்பி, உட்கார்ந்து கணுக்காலுக்கு நாலு விரல் மேலிருந்து எலும்பின் உள்ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மேலே போ. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஷின் ஸ்ப்ளின்ட். எலும்பைச் சுற்றிய சவ்வும் அதில் பிடித்திருக்கும் தசையும் அளவுக்கு மீறி இழுபட்டதால் வருவது. தூரத்தைப் பாதியாகக் குறை, சிமெண்ட் ரோட்டை விட்டு மண் பாதைக்கு வா. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை ஏற்றி இறக்கு: முட்டியை நேராக வைத்து 15 முறை மூன்று சுற்று, லேசாக மடக்கி அதே கணக்கு. தினமும் செய்தால் மூன்று, நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் ஒரே புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் சுரீர் என்றால் கதை வேறு. ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடம் வலிக்கிறதா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அப்படியானால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார். முதல் இரண்டு, மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், "எக்ஸ்ரே நார்மல்" என்று ஓடக் கிளம்பிவிடாதே. எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். விரிசலோடு ஓடினால் ஆறு வாரத்தில் ஆற வேண்டியது ஆறு மாதம் இழுக்கும்.

இன்னொன்று, ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் மட்டும் அடி வாங்கும். வலி ஒரு காலில் மட்டும்தான் என்றால் முதலில் அதைப் பார்.

சூரியன் ஆறரைக்குத்தான் வருது. அஞ்சு மணி இருட்டுல எந்தப் பக்கம் ஓடறது பாதுகாப்பு? பனிமூட்டம் வேற. (சேண்பாக்கம், 45)

வண்டி எதிரே வரும் பக்கம், அதாவது ரோட்டின் வலது ஓரம். வருவது கண்ணில் பட்டால்தான் ஒதுங்க முடியும். இருட்டில் இருவர் இருவராக, மூட்டம் இருந்தால் ஒருவர் பின் ஒருவராக. ஒளி பிரதிபலிக்கும் ஜாக்கெட் எல்லாருக்கும் கட்டாயம். கடைசி ஆள் முதுகில் சிவப்பு மினுக்கு விளக்கு. மூட்டத்தில் ஹெட்லேம்பை நெற்றியில் கட்டினால் வெளிச்சம் பனித்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதையே இடுப்பில் கட்டிப் பாருங்க. வெளிச்சம் தாழ்வாகப் போவதால் சின்னக் கல்லுக்கும் நீளமாக நிழல் விழும், பள்ளம் எது, ஈரம் எது என்று பிரித்துத் தெரியும்.

ஆறு மணிக்கு முன் பாலாற்றுப் பாலம் வேண்டாம். வண்டி உரசி வந்தால் இறங்கி நிற்க அங்கே மண் ஓரம் கிடையாது. பைபாஸ் எந்த நேரத்திலும் வேண்டாம். தையில் கரும்பு டிராக்டர்கள் பின்விளக்கே இல்லாமல் வரும், சுமை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், சத்தம் கேட்டதும் ரோட்டை விட்டு முழுசாக இறங்கிவிடுங்க. விடியும் வரை கோட்டையைச் சுற்றியோ தெருவிளக்கு உள்ள குடியிருப்புத் தெருக்களிலோ ஓடி, வெளிச்சம் வந்தபின் ஸ்ரீபுரம் பக்கமோ சேர்க்காடு பக்கமோ போவதுதான் நல்ல ஏற்பாடு. தெருவுக்குள் ஓடும்போது, சாணம் தெளித்த வாசல் வழுக்கும். கோலத்தை மிதிக்கவும் வேண்டாம், விடியற்காலையில் திட்டு வாங்கவும் வேண்டாம்.

நாய் துரத்தினா? (தொரப்பாடி, 26)

ஓட்டத்தை நிறுத்தி நடங்க. ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. கண்ணுக்குக் கண் பார்க்காமல், முதுகும் காட்டாமல், பக்கவாட்டில் நகருங்க. கல் எடுப்பதுபோலக் குனிந்தாலே பாதி நாய் விலகும்.

கடித்தாலோ நகம் பட்டுத் தோல் கிழிந்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவணும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்க, ஐந்து நிமிடமே கால் மணி நேரம்போலத் தோன்றும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்த் தடுப்பூசி போடுங்க, இலவசம். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (தயார் எதிர்ப்புப் பொருள்) ஊசியும் வேணுமா என்று கேளுங்க. சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக்கூடாது.

குளிர்ல வேர்க்கவே இல்லியே, தண்ணி எதுக்கு? (அரியூர், 31)

வேர்க்கிறது, குளிர்காற்றில் தெரியவில்லை. வீட்டிலேயே சோதிக்கலாம். ஓடும் முன் உள்ளாடையோடு எடை பாருங்க, ஒரு மணி நேரம் ஓடிவிட்டு உடம்பைத் துடைத்து மறுபடி பாருங்க. ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு 1.4 கிலோவுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கணும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிச்சிருக்கீங்க. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவது இன்னும் ஆபத்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போகும். ஒரு மணி நேரம் வரை தாகத்துக்குக் குடித்தால் போதும். அதற்கு மேல் ஓடினால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு, சர்க்கரைக் கரைசல் குடிங்க. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்கணும். அரை பாட்டில் தண்ணீரில் முழுப் பாக்கெட்டைக் கொட்டிக் குடித்தால் வயிற்றைப் பிரட்டும்.

வெறும் வயித்துல ஓடலாமா?

ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஓடலாம். அதற்கு மேல் என்றால் அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம். ஒன்றரை மணியைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேணும். விலை கொடுத்து ஓட்டக்காரர்கள் உறிஞ்சும் சர்க்கரை ஜெல்தான் வாங்கணும் என்றில்லை, பேரீச்சையும் கடலைமிட்டாயும் போதும். கடலைமிட்டாயை முன்கூட்டியே சிறு துண்டாக உடைத்துக்குங்க, ஓடும்போது பெரிய துண்டு தொண்டையில் சிக்கும்.

எனக்கு 56 வயது, எட்டு வருஷமா சர்க்கரை. நடை ஓட்டமா வரலாம்னு டாக்டர் சொல்லிட்டார். வேறென்ன பார்க்கணும்மா? (காட்பாடி)

வாங்க ஐயா. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்றால் ஓட்டத்தில் சர்க்கரை தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் கிளம்பும் முன் விரலில் குத்திப் பாருங்க. 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, கால் மணி கழித்துத் திரும்பப் பார்த்துக் கிளம்புங்க. 250க்கு மேல் இருந்தால் அன்று ஓட வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்க. சட்டைப் பையில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். சர்க்கரை தாழும்போது வரும் வேர்வையும் படபடப்பும் ஓட்டத்தால் வருவதுபோலவே இருக்கும், அதனால் சந்தேகம் வந்தால் முதலில் வாயில் போட்டுவிட்டு அப்புறம் யோசிங்க. கூட ஓடுகிறவருக்கும் இது தெரிஞ்சிருக்கணும். வீட்டுக்குப் போனதும் விரலிடுக்கு, குதிகால், பாதத்தடி எல்லாம் பார்த்துவிடுங்க. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தது தெரியாது. நெஞ்சில் இறுக்கமோ இடது கை, தாடைக்குப் பரவும் வலியோ வந்தால் "வாயு" என்று சமாதானம் வேண்டாம். அங்கேயே உட்காருங்க, 108 கூப்பிடச் சொல்லுங்க.

குளிர்ல ஓடினா வீசிங் வருது. (பாகாயம், 24)

குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயை உலர்த்திச் சுருங்க வைக்கிறது. வார்ம் அப்பை 15 நிமிடமாக நீட்டுங்க, நடை, மெது ஓட்டம், திரும்ப நடை என்று. வாயை மூடிக் கழுத்துத்துணி கட்டினால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். மருத்துவர் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் எழுதிக்கொடுத்திருந்தால் ஓடும் முன் எப்போது, எத்தனை முறை என்று அவரிடமே கேட்டுக்குங்க, ஓடும்போதும் இன்ஹேலர் கையில் இருக்கணும். போகிக்கு மட்டும் லீவு. டயரும் பாயும் எரியும் புகையில் ஓடுவது நல்ல நுரையீரலுக்கே ஆகாது.

ரொம்ப மெதுவா ஓடுவேன். எல்லாரும் போனப்புறம் இருட்டுல தனியா மாட்டிக்குவேனோன்னு பயம். (பெண், அல்லாபுரம், 41)

அதற்காகத்தான் தூரம் பார்த்துத் திரும்பாமல் நேரம் பார்த்துத் திரும்புகிறோம். எல்லாரும் 40 நிமிடம் போவது, எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்புவது. வேகமாகப் போனவர் 6 கி.மீ. தாண்டியிருப்பார், நீங்கள் 4.5ல் இருப்பீங்க. திரும்பும்போது உங்கள் பின்னால்தான் எல்லாரும் வருவார்கள், கிளம்பிய இடத்துக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரலாம். போகும்போது கடைசியில் ஒரு அனுபவசாலி வருவார், அவரை யாரும் பின்னால் விடக்கூடாது. கிளம்பும்போதும் முடிக்கும்போதும் தலை எண்ணுவோம். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறவர்தான் தலைவலி, முப்பது பேர் நின்று தேடணும்.

ஏலகிரி மேல ஓடலாம்னு ஒரு யோசனை. தையில சரியா வருமா? (குடியாத்தம், 36)

வரும். வேலூரைவிட 800 மீட்டருக்கு மேல் உயரம், அதனால் ஐந்து டிகிரி குறைவாக இருக்கும், அங்கே மட்டும் முழுக்கைச் சட்டை. கொண்டை ஊசி வளைவு 14. புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், எந்த வளைவில் வண்டி காத்திருக்கும் என்று பெயர் சொல்லிப் பேசி வையுங்க. வலது ஓரமாக ஓடுவது இங்கே எல்லா இடத்திலும் பொருந்தாது. வலப்பக்கம் திரும்பும் வளைவில் உள்ஓரத்தில் இருந்தால் இறங்கி வரும் பஸ் கடைசி நொடி வரை உங்களைப் பார்க்காது. வளைவுக்கு முன்பே வெளிஓரத்துக்கு மாறிடுங்க. முதல் முறை ஏறுவது மட்டும் ஓட்டம், இறங்குவது வண்டி. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும், மூன்று நாள் படி இறங்க விடாது. வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடாதீங்க, குரங்கு பிடுங்கும்.

தை மாசம் கிராமத்துப் பக்கம் எருது விடற விழா இருக்குமே, அந்த ஞாயிறு எப்படி?

விழா நடக்கும் ஊர் வழியை அன்று விட்டுவிடணும். அதற்கு முந்தைய வாரங்களிலும் விடியற்காலையில் காளைக்கு ஓட்டப் பழக்கம் நடக்கும். எதிரே கயிறோடு வருவது தெரிந்தால் பக்கத்துத் திண்ணையிலோ வரப்பிலோ ஏறி நில்லுங்க. செல்போனில் படம் எடுக்க ரோட்டில் நிற்கக்கூடாது.

பனியில ஷூ நனைஞ்சுடுது. வெயில்ல வெச்சா சீக்கிரம் காயுமே? (ஓட்டேரி, 22)

காயும், கூடவே அடிப்பாகத்து ஒட்டும் விட்டுப்போகும். உள்அட்டையைக் கழற்றி, உள்ளே பழைய நாளிதழைக் கசக்கித் திணித்து, நிழலில் மின்விசிறிக்குக் கீழே வை. இரண்டு மணி கழித்துத் தாளை மாற்று. சாயந்திரத்துக்குள் காய்ந்துவிடும்.