வீட்டைக் காக்க இலவச வழக்கறிஞர்: அமெரிக்கச் சொத்துரிமை வழக்குகள் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் அரசு ஒரு குடும்பத்தின் வீட்டிலோ நிலத்திலோ தொழிலிலோ கைவைக்கும்போது, கட்டணம் வாங்காமல் அந்த அரசை எதிர்த்து வழக்காடும் லாப நோக்கமற்ற சட்ட அமைப்புகள் சில உண்டு. 1973இல் சாக்ரமென்டோவில் தொடங்கிய பசிபிக் லீகல் ஃபவுண்டேஷன் அவற்றில் மூத்தது. 1991இல் சிப் மெல்லரும் கிளின்ட் போலிக்கும் தொடங்கிய இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் இன்னொன்று. இந்த வகை அமைப்பு ஒன்றில், உதவி கேட்டு வரும் கடிதங்களைப் படித்துத் தரம் பிரிக்கும் மேசையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது தனியாக வழக்கறிஞர் தொழில் செய்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து: அக்கா, உண்மையிலேயே காசு வாங்க மாட்டார்களா? கடைசியில் பில் வந்து நிற்காதே?

வராது. நன்கொடையில் நடக்கும், வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் இவை. சிவில் உரிமை வழக்கில் ஜெயித்தால், தோற்ற அரசுத் தரப்பிடமிருந்து வழக்கறிஞர் கட்டணத்தைக் கேட்டு வாங்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

இந்த முறையை முதலில் கட்டி எழுப்பியது கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி. அவர்கள் வழக்குக்கு ஆள் தேடுவதைத் தடுக்க வெர்ஜினியா மாநிலம் சட்டம் போட்டது. அப்படி வழக்காடுவது பேச்சுரிமை, சங்க உரிமையின் பகுதி என்று 1963இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத் தள்ளியது. இன்று சொத்துரிமைக்காக வழக்காடுகிறவர்களும் அவர்கள் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள். இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஓஹாயோவிலிருந்து: பக்கத்து வீட்டுக்காரர் வேலியை என் இடத்தில் இரண்டு அடி தள்ளிப் போட்டுவிட்டார். எந்த அமைப்புக்கு எழுதலாம்?

எந்த அமைப்புக்கும் வேண்டாம். எதிர்த்தரப்பில் அரசு இருந்தால்தான் இவர்கள் வருவார்கள். நீங்கள் சர்வேயரையும் உள்ளூர் வழக்கறிஞரையும் பாருங்கள்.

ஜார்ஜியாவிலிருந்து: எங்கள் இடத்தைச் சாலைக்காகக் கவுன்ட்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், எடுக்கப்போகிறது. ஒரு வழக்கை எடுப்பதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

முதலில் உங்கள் விஷயம். சாலைக்கு நிலம் எடுப்பது அரசுக்கு உள்ள அதிகாரம். அங்கே சண்டை பெரும்பாலும் விலையைப் பற்றித்தான். அதற்கு இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் தனியாக இருக்கிறார்கள். நோட்டீஸில் பதில் தர ஒரு தேதி இருக்கும், அதைத் தவற விடாதீர்கள்.

இனி உங்கள் பொதுக் கேள்வி. எங்கள் மேசையில் நூறு கடிதம் வந்தால் நூறிலும் ஒரு மனிதரின் கண்ணீர் இருக்கும். ஆனால் அநியாயம் நடந்தது என்பது மட்டும் போதாது. இந்த அமைப்புகள் ஒரு சட்ட விதியை மாற்றப் போராடுகின்றன. அந்த விதி உங்கள் வழக்கில் சுத்தமாக, வேறு சிக்கல் கலக்காமல் தெரிய வேண்டும். அப்புறம், நீங்கள் பத்து ஆண்டு தாங்கும் ஆளா என்று பார்ப்பார்கள். பாதியில் அரசு நல்ல தொகை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். கட்சிக்காரர் சரி என்றால் வழக்கறிஞர் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். அதனால் தொடக்கத்திலேயே மனசு விட்டுப் பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

சுசெட் கீலோ வழக்கைப் பாருங்கள். கனெக்டிகட்டில் நியூ லண்டன் ஊரில், ஃபோர்ட் ட்ரம்புல் பகுதியில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சின்ன வீட்டை 1997இல் வாங்கி இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார். 2000ஆம் ஆண்டு நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய தினம் நோட்டீஸ் வந்தது. பக்கத்தில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வு மையம் வருகிறது, அதை ஒட்டி ஹோட்டல், அலுவலகங்கள், குடியிருப்பு கட்டி ஊரின் வருமானத்தைப் பெருக்க வேண்டும் என்பது நகரத்தின் வாதம். அதே தெருக்களில், 1918இல் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்துகொண்டிருந்த வில்ஹெல்மினா டெரி என்ற பாட்டியும் இருந்தார். இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் அவர்களுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005 ஜூன் 23 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. பொருளாதார வளர்ச்சியும் பொதுப் பயன்தான் என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார்.

நாடு கொதித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நில எடுப்புச் சட்டங்களைத் திருத்தின. 2009இல் ஃபைசர் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதாக அறிவித்தது. வீடுகளை இடித்த இடம் ஆண்டுக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. கீலோவின் வீட்டைப் பிரித்து ஊரில் வேறோர் இடத்தில் திரும்ப நிறுத்தினார்கள். நாட்டில் எத்தனையோ பேருக்கு அந்த வழக்கால் வீடு தப்பியது, ஆனால் கீலோவுக்கு அந்தத் தெரு திரும்பக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போடுமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

இல்லினாயிலிருந்து: ஹெச்ஓஏ எனக்கு அபராதம் போடுகிறது...

ஹெச்ஓஏ என்பது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம், அரசு இல்லை. வீடு வாங்கும்போது நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் அது. உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

டெக்சாஸிலிருந்து: மேடம், என் தங்கை புருவத்துக்கு திரெடிங் செய்கிறாள். கடை போட லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? இதெல்லாம் சொத்துரிமையில் வருமா?

உழைத்துப் பிழைக்கும் உரிமையும் இவர்கள் எடுக்கும் வழக்குகளில் சரிபாதி முக்கியம். உங்கள் தங்கை கதையே வழக்காக நடந்திருக்கிறது. திரெடிங் செய்கிறவர்களும் 750 மணி நேரம் அழகுக்கலைப் பள்ளியில் படித்துத் தேர்வு எழுத வேண்டும் என்று டெக்சாஸ் சொன்னது. அவ்வளவு மணி நேரத்துக்குக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆஷிஷ் படேலும் மற்றவர்களும் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் துணையோடு எதிர்த்தார்கள். அந்த 750இல் 320 மணி நேரம் வரை நூல் பிடித்து முடி எடுக்கும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாதது என்று பார்த்து, 2015இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் கையில் நூலோடு வந்து பிழைக்கும் தொழில் அது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு. இடத்துக்கான நகர விதிகளை மட்டும் தங்கை விசாரித்துக்கொள்ளட்டும்.

கலிபோர்னியாவிலிருந்து: வீடு கட்ட அனுமதி கேட்டால் போக்குவரத்துக் கட்டணம் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?

எல் டொராடோ கவுன்ட்டியில் ஜார்ஜ் ஷீட்ஸ் என்பவரிடம் இப்படி 23,420 டாலர் கேட்டார்கள். அவர் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுக் கட்டினார், பிறகு பசிபிக் லீகல் ஃபவுண்டேஷன் மூலம் வழக்காடினார். கட்டட அனுமதிக்குப் போடும் நிபந்தனைக்கும் உங்கள் வீட்டால் வரும் பாதிப்புக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்ற விதி 1987ஆம் ஆண்டின் நோலன் வழக்கிலிருந்தே உண்டு. கட்டணத்தைச் சட்டமன்றமே நிர்ணயித்திருந்தாலும் அந்த விதியிலிருந்து தப்ப முடியாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இந்தத் தொகை சரிதானா என்பதைக் கீழ் நீதிமன்றத்துக்கே விட்டது. நீங்கள் கவனிக்க வேண்டியது, எதிர்ப்பைப் பதிவு செய்யவும் வழக்குப் போடவும் தனித்தனிக் கெடு உண்டு. மறுபடி சொல்கிறேன், தேதியைப் பாருங்கள்.

வட கரோலினாவிலிருந்து: வேலித் தகராறு ஒன்று...

மேலே ஓஹாயோ அன்பருக்குச் சொன்னதேதான்.

சிகாகோவிலிருந்து: சின்ன வீடு, பாட்டி, புருவம் என்று நல்ல முகத்தை மட்டும் காட்டுகிறீர்கள். இவை பணக்காரர்களின் நன்கொடையில் நடப்பவை. கலிபோர்னியா பண்ணைத் தொழிலாளர் வழக்கை ஏன் சொல்லவில்லை?

சொல்கிறேன், நியாயமான கேள்வி. 1975 முதல் கலிபோர்னியாவில் ஒரு விதி இருந்தது. தொழிற்சங்க அமைப்பாளர்கள் ஆண்டுக்கு 120 நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் வரை பண்ணைக்குள் வந்து தொழிலாளிகளிடம் பேசலாம். சீடர் பாயின்ட் நர்சரி இதை எதிர்த்தது, வாதாடியது பசிபிக் லீகல் ஃபவுண்டேஷன். மற்றவரை உள்ளே விடாமல் இருக்கும் உரிமையை அரசு எடுத்துக்கொண்டதாகத்தான் இது ஆகும் என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

மாறுபட்டு எழுதிய மூன்று நீதிபதிகள் பக்கம்தான் நான். சில மணி நேரம் உள்ளே வந்து பேசிவிட்டுப் போவதை, வீட்டை இடிப்பதோடு ஒரே தட்டில் வைக்க முடியவில்லை. பணத்தைப் பற்றி நீங்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆரம்ப கால அமைப்புகள் வணிக நிறுவனங்களோடு மிகவும் ஒட்டிக்கொண்டன என்று 1980இல் அவர்கள் தரப்பு ஆளான மைக்கேல் ஹொரோவிட்ஸே அறிக்கை எழுதினார்.

ஃப்ரெஸ்னோவிலிருந்து: மேடம், எங்கள் குடும்பம் இங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறது. விடிகாலையில் மெகாஃபோனோடு ஆட்கள் உள்ளே வந்தால் எப்படி இருக்கும் என்று சிகாகோ அன்பருக்குத் தெரியுமா? சீடர் பாயின்ட் தொழிலாளிகள் ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். அங்கே போய்ப் பேசியிருக்கலாமே.

ஹோட்டல் விஷயம் உண்மை, வழக்கில் அது பலமான வாதம். உங்கள் தோட்டம், உங்கள் பயம், இரண்டையும் மதிக்கிறேன் ஐயா. ஆனால் எல்லாப் பண்ணையிலும் தொழிலாளி ஹோட்டலில் இருப்பதில்லை. ஊர் ஊராக வேலை தேடி நகர்கிறவரை வயலில் விட்டால் வேறு எங்கே பிடிப்பது?

சிகாகோ அன்பர் மறுபடி: அப்படியென்றால் இந்த அமைப்புகளையே ஏன் ஆதரிக்கிறீர்கள்?

அரசு எடுக்க வரும்போது முதலில் யார் வீடு போகிறது என்று பார்த்ததால். தலைநகர் வாஷிங்டனின் தென்மேற்குப் பகுதியில் வீடுகளை எடுத்து இடித்துச் சுத்தம் செய்யலாம் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. வெளியேற்றப்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் கறுப்பின மக்கள். கீலோ தீர்ப்பில் மாறுபட்டு எழுதிய நீதிபதி தாமஸ் இதை எடுத்துச் சொன்னார். அந்த வழக்கில் கீலோ பக்கம் என்ஏஏசிபியும் முதியோர் அமைப்பான ஏஏஆர்பியும் மனு போட்டன. இந்தச் சொத்துரிமை அமைப்புகளோடு ஒரு வழக்கில் நிற்பேன், இன்னொன்றில் மாட்டேன். நீங்கள் இருவரும் இன்னும் பேசலாம், எனக்குச் சொல்ல இவ்வளவுதான்.

மதுரையிலிருந்து: இந்தியாவில் இது நடக்குமா?

இந்தியச் சட்டத்தில் நான் தொழில் செய்ததில்லை. 1978இன் 44வது திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கி 300ஏ பிரிவுக்குப் போனது, அதனால் அங்கே வாதமே வேறு மாதிரி அமையும். அங்குள்ள வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இந்தியானாவிலிருந்து: போலீஸ் காரை எடுத்துக்கொண்டால் திரும்ப வாங்க முடியுமா?

உங்கள் மாநிலத்து டைசன் டிம்ஸ் வழக்கு. அவர் செய்த போதைப்பொருள் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 10,000 டாலர், பறித்த காரின் விலை சுமார் 42,000. அளவுக்கு மீறிய அபராதத் தடை மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று 2019இல் நீதிபதி கின்ஸ்பர்க் எழுத, ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. கார் கையில் வந்தது 2020இல். கூட்டாட்சி நோட்டீஸ் என்றால் கெடு 35 நாளாகக்கூட இருக்கும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி வேண்டியிருக்கும்.

மிஷிகனிலிருந்து: ஹெச்ஓஏ...

இல்லைங்க. வேலி, ஹெச்ஓஏ, வாடகைக்காரர், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, இந்த நான்குக்கும் இனி நான் பதில் எழுதப்போவதில்லை. தயவு செய்து மேலே படியுங்கள்.

மினசோட்டாவிலிருந்து: அக்கா, அம்மா பேரில் இருக்கும் வீட்டுக்கு மூன்று வருடமாகச் சொத்துவரி கட்டவில்லை. அம்மாவுக்கு மறதி நோய், எங்களுக்குத் தெரியவே இல்லை. வீட்டை எடுப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. இனி மிச்சப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று படித்தேன், நிம்மதியாக இருக்கலாமா?

இருக்காதீர்கள் தம்பி. நீங்கள் படித்தது உங்கள் ஹென்னபின் கவுன்ட்டி வழக்குதான். 94 வயது ஜெரால்டின் டைலருக்கு வரியும் வட்டியும் அபராதமும் சேர்ந்து சுமார் 15,000 டாலர் பாக்கி. வீட்டை 40,000க்கு விற்று, மிச்சம் 25,000ஐயும் கவுன்ட்டியே வைத்துக்கொண்டது. அது செல்லாது என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு காப்பது மிச்சப் பணத்தை, வீட்டை இல்லை. பல மாநிலங்களில் அந்தப் பணத்தையும் நீங்களே கெடுவுக்குள் மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

கடிதத்தில் வீட்டை மீட்டுக்கொள்ளக் கடைசி நாள் என்று ஒரு தேதி இருக்கும். நாளைக் காலையில் அம்மாவின் அடையாள அட்டையும் உங்களிடம் பவர் பத்திரம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு கவுன்ட்டி வரி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். தவணைத் திட்டம் கிடைக்குமா என்று கேளுங்கள். முதியோருக்கான இலவசச் சட்ட உதவி மையத்தையும் இன்றே அழையுங்கள். அந்தத் தேதி எது என்று மட்டும் எனக்கு இங்கே எழுதுங்கள், இரவு முழுக்க விழித்திருப்பேன்.