பிரைமரி கருத்துக்கணிப்பை எவ்வளவு நம்பலாம்? கேள்வி பதில்

நம் ஊரில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கும். அமெரிக்காவில் அதை மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே பிரைமரி என்னும் வாக்கெடுப்பிலும் காக்கஸ் என்னும் கட்சிக் கூட்டங்களிலும் முடிவு செய்கிறார்கள். அதையொட்டி வரும் கருத்துக்கணிப்புகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

டாலஸ் உறுப்பினர்: சார், 2016 அயோவா குடியரசுக் கட்சிக் காக்கஸுக்கு முன்னால் டெ மாயின் ரெஜிஸ்டர் நாளிதழ் வெளியிட்ட சர்வேயில் டிரம்ப் 28%, டெட் க்ரூஸ் 23%. கேட்டது சுமார் 600 பேரை, பிழை வரம்பு 4 என்று போட்டிருந்தார்கள். 5 என்பது 4ஐ விட அதிகம்தானே? பிறகு க்ரூஸ் எப்படி ஜெயித்தார்?

பதில்: எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் கணிப்பு எத்தனை புள்ளி மேலே கீழே தவறலாம் என்பதே பிழை வரம்பு. அந்த 4 என்பது ஒரே ஒருவருடைய விழுக்காட்டுக்கு உரியது, அதுவும் அவர் 50%க்குப் பக்கத்தில் இருந்தால். இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குக் கணக்கு வேறு. இரண்டு பங்குகளையும் கூட்டுங்கள்: 0.28 + 0.23 = 0.51. வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள்: 0.05 × 0.05 = 0.0025. மீதி 0.5075. அதை 600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96ஆல் பெருக்கினால் 5.7 வரும். அதாவது டிரம்பின் முன்னிலை 10.7 ஆகவும் இருக்கலாம், 0.7 பின்தங்கலாகவும் இருக்கலாம்.

இது மிகச் சுத்தமான சாம்பிளுக்கான கணக்கு. வயது, பாலினம், கல்வி பார்த்து ஒவ்வொருவரின் பதிலுக்கும் எடை கூட்டிக் குறைக்கும்போது வரம்பு இன்னும் அகலும். எடை போடுவதால் மாறுபாடு (வர்க்கமூலம் எடுப்பதற்கு முன் உள்ள எண்) ஒன்றரை மடங்கானால் 5.7 என்பது 7 ஆகிவிடும்.

ஆனால் அன்று நடந்ததை இந்தக் கணக்கு மட்டும் விளக்காது. க்ரூஸ் 27.6, டிரம்ப் 24.3 என்று முடிந்தது. அதைவிட முக்கியம், சர்வேயில் 15% இருந்த மார்கோ ரூபியோ 23.1% வாங்கினார். எட்டுப் புள்ளி எகிறல் சாம்பிள் தவறால் மட்டும் வராது. கடைசி நாட்களில் மனம் மாறியவர்களும் அப்போதுதான் முடிவெடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். பிரைமரியின் இயல்பே அது. எல்லோரும் ஒரே கட்சி என்பதால், ஒருவரை விட்டு இன்னொருவருக்குத் தாவ வாக்காளருக்குப் பெரிய தயக்கம் இருப்பதில்லை. நவம்பர் பொதுத்தேர்தலில் கட்சி அடையாளம் ஆளைக் கட்டிப்போடும்; இங்கே அந்தக் கயிறு இல்லை.

நியூ ஜெர்சி உறுப்பினர்: மிச்சிகன் 2016ஐ எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். என்னதான் தவறு நடந்தது?

பதில்: ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஹிலாரி கிளின்டன் சுமார் 20 புள்ளி முன்னிலை என்று கணிப்புகளின் சராசரி சொன்னது. மார்ச் 8 அன்று பெர்னி சாண்டர்ஸ் 1.4 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். பல தவறுகள் ஒரே திசையில் சாய்ந்ததால் வந்த வினை இது.

முதலாவது, யார் வாக்களிக்க வருவார்கள் என்ற ஊகம். வழக்கமாக முந்தைய பிரைமரியில் வந்தவர்களைப் பார்த்து அச்சு வார்ப்பார்கள். மிச்சிகனில் முந்தைய போட்டி 2008. அந்த ஆண்டு மாநிலம் கட்சி விதியை மீறித் தேதியை முன்னுக்குத் தள்ளியதால், ஒபாமா தன் பெயரை வாக்குச்சீட்டிலிருந்தே எடுத்துவிட்டார். அப்படிப்பட்ட தேர்தலிலிருந்து எந்த அச்சும் கிடைக்காது.

இரண்டாவது, தானியங்கிக் குரல் அழைப்பு. 1991ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, முன் அனுமதி இல்லாமல் செல்பேசிகளுக்குத் தானியங்கி அழைப்பு போகக் கூடாது. ஆகவே அந்த முறையை மட்டும் நம்பியவர்களுக்கு வீட்டுத் தொலைபேசி வைத்திருப்பவர்களே கிடைத்தார்கள், அதாவது பெரும்பாலும் வயதானவர்கள்.

மூன்றாவது, மிச்சிகனில் கட்சி வாரியான வாக்காளர் பதிவு கிடையாது. யாரும் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம். தங்களைச் சுயேச்சை என்று சொல்லிக்கொண்டவர்கள் சாண்டர்ஸ் பக்கம் பெரிதாகச் சாய்ந்தார்கள். அவர்களைக் குறைவாக எண்ணியவர்கள் ஏமாந்தார்கள்.

வாக்காளர் கலவை எவ்வளவு புரட்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 45 வயதுக்குக் கீழே ஒரு வேட்பாளருக்கு 70%, மேலே 35% என்று வையுங்கள். வாக்களிப்போரில் இளையவர் 30% என்று நினைத்தால் அவருக்கு 45.5%, இருமுனைப் போட்டியில் 9 புள்ளி தோல்வி. இளையவர் 45% வந்துவிட்டால் அவருக்கு 50.75%, 1.5 புள்ளி வெற்றி. ஒருவர்கூடத் தன் பதிலை மாற்றவில்லை. சாம்பிளை 5,000 ஆக்கினாலும் இந்தப் பிழை குறையாது. பிரைமரி கணிப்பில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ஊகத்தைத்தான். பிழை வரம்பு எண்ணில் இது வரவே வராது.

சிங்கப்பூர் உறுப்பினர்: அப்படியானால் ‘வாக்களிக்க வாய்ப்புள்ளவர்’ என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: இரண்டு வழி. ஒன்று, நேரடியாகக் கேட்பது: நிச்சயம் வாக்களிப்பீர்களா, போன முறை போட்டீர்களா, வாக்குச்சாவடி எங்கே என்று தெரியுமா. ‘நிச்சயம் போடுவேன்’ என்று சொல்பவர்கள், போடுபவர்களைவிட எப்போதும் அதிகம். இன்னொன்று, வாக்காளர் பட்டியல். யாருக்குப் போட்டார் என்பது ரகசியம், ஆனால் போட்டாரா இல்லையா என்பது அமெரிக்காவில் பதிவில் இருக்கும். அதிலிருந்து பெயர்களை எடுத்தால் வாய்ப்பேச்சை நம்ப வேண்டியதில்லை. ஆனால் முதல்முறை வாக்காளரும், நியூ ஹாம்ப்ஷயர் போல அன்றே பதிவுசெய்து போடக்கூடிய இடங்களில் கடைசி நாளில் வருபவரும் விடுபடுவார்கள்.

செலவையும் பாருங்கள். வயது வந்தோரில் ஐந்தில் ஒருவர்தான் ஒரு பிரைமரியில் போடுவார் என்றால், 1,000 பேரிடம் பேசினாலும் பயன்படுவது 200 பேர். அதன் பிழை வரம்பு 6.9. அதைத் தாங்க முடியாத நிறுவனங்கள் வடிகட்டியைத் தளர்த்தி 500 பேரை உள்ளே விடுகின்றன. எண் அழகாகிவிடும், உள்ளே வரக்கூடாதவர்களும் வந்துவிடுவார்கள். அறிக்கையில் எத்தனை பேரிடம் பேசினார்கள், அதில் எத்தனை பேரை எடுத்தார்கள் என்ற இரண்டு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விகிதம் முந்தைய பிரைமரிகளின் வாக்குப்பதிவை விட மிக அதிகமாக இருந்தால் வடிகட்டியில் ஓட்டை.

கோவை உறுப்பினர்: அண்ணா, 2008 நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா தோற்றதற்குக் காரணம், வெள்ளையர்கள் சர்வேயில் பொய் சொன்னது என்கிறார்களே?

பதில்: தம்பி, அப்போது அந்தப் பேச்சு பலமாக இருந்தது. ஒபாமா சுமார் 8 புள்ளி முன்னிலை என்றார்கள், கிளின்டன் 39.1க்கு 36.5 என்று வென்றார். அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கம் ஒரு குழு போட்டு 2009இல் அறிக்கை வெளியிட்டது. இனம் குறித்துப் பொய் சொன்னார்கள் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. அயோவா காக்கஸ் ஜனவரி 3, இந்தப் பிரைமரி ஜனவரி 8. நடுவில் கிடைத்த சில நாட்களில் அவசரமாகக் களப்பணி செய்து, கடைசி நாளுக்கு முன்பே பலர் நிறுத்திவிட்டார்கள். முதல் அழைப்பில் எடுத்தவர்களோடு முடித்துக்கொண்டதும் ஒரு காரணம். கிளின்டன் ஆதரவாளர்கள் அவ்வளவு எளிதில் சிக்காதவர்கள். வாக்குச்சீட்டில் அவர் பெயர் மேலே, ஒபாமா பெயர் கீழே இருந்ததும் சிறிது உதவியிருக்கலாம் என்றார்கள். அதே வாரம் அதே மாநிலத்தில் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் மெக்கெய்ன் வெல்வார் என்று இதே நிறுவனங்கள் சரியாகச் சொன்னதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டொராண்டோ உறுப்பினர்: 2024 அதிபர் தேர்தலுக்கான குடியரசுக் கட்சிப் போட்டியில் இருந்த விவேக் ராமசாமிக்கு 2023 கோடையில் சில சர்வேயில் இரட்டை இலக்கம், சிலவற்றில் பாதிதான். தமிழ் பேசும் குடும்பம் என்பதால் நம்மவர்கள் ஆவலோடு பார்த்தார்கள். எதை நம்பியிருக்க வேண்டும்?

பதில்: இணையத்தில் பதிவுசெய்துகொண்டு சிறு தொகைக்குப் பதில் சொல்பவர்களின் குழுக்களில் அவருக்கு அதிக ஆதரவு, ஆட்கள் தொலைபேசியில் பேசிக் கேட்டவற்றில் குறைவு. இணையக் குழுவில் இளையவர்களின் பதிலைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும். பியூ ஆய்வு மையம் இப்படிப்பட்ட குழுவில் சோதித்தபோது, 30 வயதுக்குட்பட்டவர்களில் 12% பேர் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கேள்வியைப் படிக்காமல் ‘ஆம்’ தட்டுபவர்கள் அவர்கள்.

அதற்காகத் தொலைபேசியே சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பியூவின் தொலைபேசி ஆய்வுகளில் பதில் கிடைக்கும் விகிதம் 1997இல் 36%, 2018இல் 6%. நூறு பேரில் எடுக்காத 94 பேரும் எடுத்த 6 பேரைப் போன்றவர்கள்தானா என்பதே கேள்வி. ராமசாமிக்கு அயோவாவில் கடைசி டெ மாயின் ரெஜிஸ்டர் கணிப்பு 8% தந்தது, கிடைத்தது 7.7%. அதே கணிப்பில் போட்டியாளர்களான நிக்கி ஹேலி 20, ரான் டிசாண்டிஸ் 16. முடிவு டிசாண்டிஸ் 21, ஹேலி 19. இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மாறிவிட்டன.

மதுரை உறுப்பினர்: தேசிய அளவிலான பிரைமரி சர்வே பார்த்துப் பயன் உண்டா?

பதில்: தொடக்கத்தில் மிகக் குறைவு. தேசிய பிரைமரி என்று ஒன்று நடப்பதே இல்லை. 2007இல் குடியரசுக் கட்சித் தேசியக் கணிப்புகளில் ரூடி ஜூலியானி மாதக்கணக்கில் முன்னிலை; ஒரு மாநிலத்தையும் அவர் வெல்லவில்லை. கமலா ஹாரிஸ் 2019 ஜூன் மாத விவாதத்துக்குப் பிறகு மளமளவென்று ஏறினார், டிசம்பர் 3 அன்று விலகிவிட்டார்.

சிட்னி உறுப்பினர்: வேட்பாளர் தரப்பே வெளியிடும் சர்வே?

பதில்: சாதகமாக இருந்தால்தான் வெளியே வரும், அதை மனத்தில் வைத்துப் படியுங்கள். 2014 வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் பிரைமரியில் நின்ற எரிக் கேன்டரின் தரப்புக் கணிப்பு, 400 பேரைக் கேட்டு, அவருக்கு 34 புள்ளி முன்னிலை என்றது. ஜூன் 10 அன்று டேவ் பிராட்டிடம் சுமார் 11 புள்ளியில் தோற்றார்.

பெங்களூரு உறுப்பினர்: நல்ல நிறுவனங்களிலும் களப்பணியில் தவறு வருமா?

பதில்: வரும். 2020 அயோவா காக்கஸுக்கு முன் டெ மாயின் ரெஜிஸ்டர் தன் கடைசிக் கணிப்பை வெளியிடாமலே கைவிட்டது. தனக்கு வாசித்த பட்டியலில் வேட்பாளர்களில் ஒருவரான பீட் பூட்டிஜெஜ் பெயர் இல்லை என்று ஒருவர் புகார் சொன்னார். அழைப்பு மையத்தில் திரையின் எழுத்தளவைப் பெரிதாக்கியதில் பட்டியலின் ஒரு பகுதி மறைந்திருக்கலாம் என்று தெரியவந்தது. எத்தனை பேருக்கு அப்படி வாசிக்கப்பட்டது என்று நிரூபிக்க முடியாததால் முழுவதையும் விட்டார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

சென்னை உறுப்பினர்: நியூயார்க் மேயர் பிரைமரி 2025இல் பல கணிப்புகள் கியூமோ என்றன, மம்தானி வென்றார். ஒரே ஒரு சர்வே கிடைத்தால் எதை முதலில் பார்ப்பது, அக்காவோ அண்ணாவோ யார் பதில் சொன்னாலும் சரி?

பதில்: களப்பணித் தேதியை. மினசோட்டாவின் 2020 ஜனநாயகக் கட்சி அதிபர் பிரைமரியில் ஏமி குளோபுச்சர் முன்னிலை என்ற கணிப்புகள் எல்லாம், அவர் மார்ச் 2 அன்று விலகி பைடனை ஆதரித்ததோடு காலாவதி. மறுநாள் பைடன் அங்கே வென்றார். வெளியான தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பேசிய தேதி தனியாக, பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும்.

நியூயார்க்கில் விதியையும் பார்க்க வேண்டும். அது பதிவுசெய்த ஜனநாயகக் கட்சியினருக்கு மட்டும். ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். முதல் விருப்பத்தை மட்டும் கேட்ட கணிப்பு பாதிக் கணிப்பு. எமர்சன் கல்லூரியின் கடைசிக் கணிப்பு முழு வரிசையையும் கேட்டது. முதல் சுற்றில் கியூமோ, இறுதிச் சுற்றில் 51.8க்கு 48.2 என்று மம்தானி என்றது. உண்மையில் மம்தானி முதல் சுற்றிலேயே 43.8க்கு 36.1 என்று முன்னே நின்றார், இறுதியில் சுமார் 56. திசையைப் பிடித்த கணிப்பும் அளவைத் தவறவிட்டது. மிச்சிகனில் போலவே, இளையவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்திருந்தார்கள்.