அப்பா இளைப்பது வயதினால்தானா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், பல்செட் அணிகிறார். அம்மா மறைந்தபின் தனியாக வசிக்கிறார். ஆறு மாதங்களில் எடை 62 கிலோவிலிருந்து 57 கிலோவாகிவிட்டது. வயதானால் இளைப்பது சகஜம் என்கிறார்கள். சத்து டானிக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. எடையைக் குறைக்கும் எண்ணமே இல்லாத ஒருவர் ஆறு மாதங்களில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்தால் காரணத்தைத் தேடியாக வேண்டும். உங்கள் அப்பா 8 சதவீதம் இழந்திருக்கிறார். முதுமையில் பசி மந்தமாவதும், இரைப்பை மெதுவாகக் காலியாவதால் நான்கு வாய் உண்டதுமே வயிறு நிறைந்ததுபோல் இருப்பதும் உண்மைதான் என்றாலும், இவ்வளவு இளைப்பை வயதின் தலையில் கட்டிவிட முடியாது.

முதலில் பல்செட்டைக் கவனியுங்கள். பல் இல்லாத தாடையெலும்பு நாளடைவில் தேய்வதால், ஒரு காலத்தில் கச்சிதமாக இருந்த பல்செட் ஆடத் தொடங்கி ஈறைப் புண்ணாக்கும். மெல்ல முடியாதவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். கடினமானதைத் தட்டின் ஓரம் ஒதுக்கிவிட்டு, குழைவாக உள்ளதை மட்டும் விழுங்கி எழுந்துவிடுவார். அப்படி ஒதுக்கப்படுவது பெரும்பாலும் புரதமாகவே இருக்கும்.

மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைத்து, வாயில் உலோகச் சுவையை உண்டாக்கும். நெடுநாள் எடுத்தால் உடலில் வைட்டமின் பி12 குறையலாம். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்காக என்றோ விதித்த பத்தியத்தை இந்த வயதிலும் இறுகப் பிடித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அதனாலேயே வற்றிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். துணையை இழந்து தனியே உண்பவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் மருத்துவர் விசாரிக்க வேண்டும்.

கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தைராய்டு மிகையாகச் சுரப்பது, காசநோய், புற்றுநோய் ஆகியவையும் எடையைக் குறைக்கும் என்பதால் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். விழுங்குவதில் சிரமம், மலத்தில் இரத்தம், விடாத இருமல் இருந்தால் உடனே செல்லுங்கள். வீட்டிலேயே கெண்டைக்காலின் பருத்த பகுதியை டேப்பால் அளந்து பார்க்கலாம். வீக்கம் இல்லாத காலில் 31 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் தசை கரைந்திருக்கலாம்.

சிறுநீரகக் கோளாறு இல்லையெனில், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வீதம் நாளொன்றுக்கு 57 முதல் 68 கிராம் புரதம் அவருக்குத் தேவை. முட்டை, பால், பருப்பு, மீன் என மென்மையாகச் சமைத்து, ஐந்தாறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். பல்செட்டையும் அணிந்தே வரச் சொல்லுங்கள்.