பட்டியலை நம்பாதீர்கள், கன்ட்ரோலைக் கேளுங்கள்

தம்பி, புரதங்கள் ஒன்றோடொன்று பிணைவதை (புரத இடைவினைகளை) ஆராயும் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேரப்போவதாகச் சொல்லி, எந்த முறையை முதலில் கற்பது, வீடு எப்படித் தேடுவது, குளிரைத் தாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடும் குளிரும் வந்த பிறகு தானாகச் சரியாகிவிடும். முதல் கேள்விதான் முக்கியம். எந்த முறையானாலும் அதன் கன்ட்ரோலை, அதாவது முடிவு போலியா என்று காட்டும் ஒப்பீட்டுச் சோதனையை, முதலில் கேளுங்கள்.

நான் வந்து சேர்ந்தபோது, எனக்கு முன் இருந்தவர் ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையில் எடுத்த, ஒன்றோடொன்று பிணையும் புரதங்களின் நீண்ட பட்டியலைக் கையில் கொடுத்து, உறுதிசெய்து கட்டுரை எழுதச் சொன்னார்கள். 1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சாங்கும் வெளியிட்ட அருமையான முறை அது. மரபணுவை இயக்கும் கேல்4 என்ற புரதத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நாம் ஆராயும் 'தூண்டில்' புரதத்தோடும், மறுபாதியை அதோடு பிணைகிறதா என்று பார்க்கும் 'இரை'ப் புரதத்தோடும் இணைக்கிறோம். இரண்டும் சேர்ந்தால் ஈஸ்டில் ஓர் அடையாள மரபணு இயங்கத் தொடங்கும். ஆனால் இந்தச் சந்திப்பு உட்கருவுக்குள் நடந்தாக வேண்டும்; செல் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களுக்கு அது ஒத்துவராது. சில தூண்டில்களோ துணையே இல்லாமல் மரபணுவை இயக்கிவிடும். தூண்டிலை வெற்று இரைப் பிளாஸ்மிடோடு, அதாவது இரைப் புரதத்தின் மரபணு இல்லாத டிஎன்ஏ வளையத்தோடு, வைத்துப் பார்த்த கன்ட்ரோல் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. நான் செய்து பார்த்தேன், பெரும்பகுதி உதிர்ந்துபோனது.

விசாவே ஆய்வக ஒப்பந்தத்தை நம்பி நிற்கும்போது, இதை மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது நம்மைப் போல் வந்தவர்களுக்குத்தான் தெரியும். சொன்னேன். நம்மவர்கள் பலர் இரவெல்லாம் உழைப்பார்கள், ஆய்வகக் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள். பெரியவர் கொடுத்த முடிவைக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்ற எண்ணம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆன்டிபாடியால் ஒரு புரதத்தைப் பிடித்து, கூட வருவதைப் பார்க்கும் முறையிலும் கவனம் தேவை. செல்லை உடைத்த கணமே, உயிரோடிருந்தபோது சந்தித்தே இராத புரதங்கள் குழாயில் ஒட்டிக்கொள்ளும். டிடர்ஜென்ட் கூடினால் உண்மையான, மெலிந்த பிணைப்புகள் அறுந்துவிடும். உங்கள் புரதத்தின் எடை 50 கிலோடால்டன் என்றால், ஏறக்குறைய அதே எடையுள்ள ஆன்டிபாடியின் கனச்சங்கிலி ஜெல்லில் அதே இடத்தில் வந்து மறைத்துவிடும். அந்தப் புரதமே நீக்கப்பட்ட செல்களைக் கன்ட்ரோலாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது எல்லாரும் பயோட்டின் குறியிடும் முறைகளுக்கு ஓடுகிறார்கள். நம் புரதத்தோடு ஒரு நொதியை இணைத்தால், அது பக்கத்திலுள்ள புரதங்களில் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை ஒட்டிவிடும். 2012இல் வந்த பயோஐடிக்குப் பல மணி நேரம் வேண்டும். 2018இல் வந்த டர்போஐடிக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அவை காட்டுவது சுமார் 10 நானோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் அண்டை அயலாரை. அருகில் இருப்பதெல்லாம் தொடுவதாகாது. அதே செல் பகுதியில் வெறும் டர்போஐடியை மட்டும் வைத்து ஒப்பிடாதவரின் பட்டியலை நான் படிப்பதே இல்லை.

என் பட்டியலில் தப்பிய ஓர் இணையில், தொட்டுக்கொள்ளும் பரப்பிலிருந்த ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினோம். ஈஸ்டிலும் பிணைப்பு போயிற்று, ஆன்டிபாடி முறையிலும் போயிற்று. அந்த ஜெல்லை முதலில் ஆய்வகத் தொழில்நுட்பரிடம்தான் ஓடிப்போய்க் காட்டினேன். பஃபர் கலப்பதிலிருந்து எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். சேர்ந்த முதல் வாரத்திலேயே அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.