குடிப்பவர் அவர், ஆலோசனை எனக்கா?

வணக்கம். என் கணவரின் குடியை நிறுத்த ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். ஆலோசகர் அவரிடம் பேசிய பிறகு என்னைத் தனியே அழைத்து, இரவில் தூங்குகிறேனா, மகனோடு கடைசியாக எப்போது வெளியே போனேன் என்றெல்லாம் கேட்டார். குடிப்பவர் அவர், எனக்கு எதற்கு ஆலோசனை? அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. குடிக்கிற மனிதரோடு குடித்தனம் நடத்தாதவருக்கு என் பாடு எப்படிப் புரியும்?
- ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெண் கேட்ட கேள்விகளுக்குப் பின்னால் உங்களைப் போன்ற மனைவிகளே இருக்கிறார்கள்.

சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்கென 1980இல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய கணவர் குடியால் இறந்திருந்தார். வசதியான குடும்பம்தான், ஆனாலும் இங்கே அவருக்கேற்ற சிகிச்சை கிடைக்கவில்லை. அறக்கட்டளைக்கு அவர் கணவரின் பெயரையே வைத்தார். குடியால் இறந்தவரின் பெயரைக் குடும்பங்கள் மறைக்கப் பார்க்கும் ஊரில் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து, தங்களுக்கான ஆலோசனையில் கலந்துகொள்வது சிகிச்சையின் ஒரு பகுதி.

அமெரிக்காவில் லோயிஸ் வில்சன் என்ற பெண்மணியின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி. கணவர் குடியை நிறுத்திய பிறகு, ஒருநாள் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தியபோது, லோயிஸ் செருப்பை எடுத்து அவர்மேல் எறிந்தார். குடித்த காலமெல்லாம் தாங்கிய பெண்ணுக்கு, குடி நின்ற பிறகு ஏன் இந்த ஆத்திரம்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு யோசித்தவர்தான், 1951இல் குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரானார்.

யோசித்துப் பாருங்கள். அலுவலகத்துக்கு ஃபோன் செய்து ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று சொல்கிறோம். கடன்காரருக்கு நகையை அடகு வைத்துக் கொடுக்கிறோம். பாட்டிலைத் தேடி ஒளித்துவைக்கிறோம். இத்தனையும் அன்பால்தான். ஆனால் குடியின் விளைவு குடிப்பவரை எட்டாமல் நாமே தடுத்துவிடுகிறோம். பிள்ளையின் பள்ளியும் நம் உறக்கமும் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஆலோசகர் உங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டது அதனால்தான். அவருடைய குடிக்கு நீங்கள் காரணம் என்று எந்த நல்ல ஆலோசகரும் சொல்லமாட்டார்.

அனுபவம் இல்லாதவருக்கு எப்படிப் புரியும் என்கிறீர்கள். குடியிலிருந்து மீண்டவர்களே ஆலோசகர்களாக இருக்கும் மையங்கள் உண்டு. அவர்களைக் கண்டதும் நோயாளிக்கு நம்பிக்கை பிறப்பதும் உண்மை. ஆனால் பட்டவர் தன் கதையையே உங்கள்மேல் போட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன்கூடத் தன் துயரத்தை மட்டும் நம்பி இறங்கிவிடவில்லை; அமெரிக்காவின் ஹேசல்டன் என்ற குடிநோய்ச் சிகிச்சை மையத்துக்குப் போய் முறையாகப் பயின்றார். அந்த இளம்பெண்ணின் வயதைப் பார்க்காதீர்கள். நீங்கள் சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்கிறாரா, சொன்னதை உங்கள் கணவரிடம் போய்ச் சொல்லாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். என்ன படித்தார் என்று நேரடியாகவே கேளுங்கள், தவறில்லை.

உங்கள் கணவர் கைநீட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியிருந்தால் அதை ஆலோசகரிடம் முதலில் சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. இன்னொன்று: குடியை வீட்டிலேயே திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். நெடுநாள் குடித்தவருக்கு வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்த முறை அவர் வர மறுத்தாலும், நீங்கள் மட்டுமாவது போய் வாருங்கள்.