1520 என்னும் எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஓர் ஓப்பன் செஸ் போட்டியின் நான்காம் சுற்றில், 1740 ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளி) உள்ள நான், 1520 ரேட்டிங் உள்ள பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் தோற்றேன். 23ஆம் நகர்த்தலில் நிலை சமமாக இருந்தது. ஒரே நிலை மூன்று முறை வந்து டிரா ஆகியிருக்கும். அதைத் தவிர்க்க, என் ராஜாவைக் காத்துநின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அதன்பின் மீளவே முடியவில்லை. அவள் அரிய நகர்த்தல் எதையும் செய்யவுமில்லை. இது கவனக்குறைவா, என் தகுதியே இவ்வளவுதானா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய ஆட்டக்குறிப்பைப் பலகையில் காய்களை வைத்தே ஆடிப் பார்த்தேன். இரண்டும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. எதிரே இருந்தவருக்கு 1900 ரேட்டிங் இருந்திருந்தால், அதே டிராவை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு எழுந்திருப்பீர்கள்.

கணக்கும் உங்களை அப்படித்தான் தூண்டுகிறது. 220 புள்ளி வித்தியாசத்தில் வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்ற கணக்கில் உங்களிடம் ஓர் ஆட்டத்துக்கு எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் 0.78. ஓர் ஆட்டம் ரேட்டிங்கை எவ்வளவு அசைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கே எண் உங்களுக்கு 20 என்று கொண்டால், வென்றால் ரேட்டிங்கில் 4.4 புள்ளி வரும், டிரா செய்தால் 5.6 போகும், தோற்றால் 15.6 போகும். அந்த 5.6ஐக் காப்பாற்றப் போய் 15.6ஐக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இத்தகைய பத்து ஆட்டங்களின் பத்து மதிப்பெண்ணில் இரண்டுக்குமேல் எதிராளிக்கே போகும் என்பதும் அதே 0.78க்குள் அடங்கியிருப்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அச்சிறுமியின் 1520ஐயும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் பட்டியல் மாதம் ஒருமுறை வருவது. பயிற்சியில் இருக்கும் பிள்ளையின் ஆட்டம் அதற்குள் வெகுதூரம் போயிருக்கும். 2300ஐ எட்டாத சிறார்களுக்குக் கே எண்ணை 40 என்று வைத்திருப்பதே, அவர்களின் வளர்ச்சியை ரேட்டிங் விரைந்து எட்டிப்பிடிக்கட்டும் என்பதற்காகத்தான்.

அவள் அரிய நகர்த்தல் எதையும் செய்யவில்லை என்று நீங்கள் எழுதியது மட்டும் எனக்கு உவப்பாயில்லை. ராணிகளை வெட்டிக்கொள்ள நீங்கள் இருமுறை வழி திறந்தும் அதற்கு இணங்காமல், சிப்பாய்கள் இல்லாத திறந்த வரிசையில் யானைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக் காத்திருந்தது எளிய காரியமல்ல. 2023 அக்டோபரில் நடந்த கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில், 2839 ரேட்டிங்கோடு உலகின் முதல்நிலை வீரராக இருந்த கார்ல்சன், 2512 ரேட்டிங் உள்ள கஜகஸ்தான் வீரர் சுலைமனோவிடம் தோற்றார். எதிராளி கட்டியிருந்த கைக்கடிகாரம் தன் கவனத்தைக் குலைத்தது என்று குறைபட்டுக்கொண்ட அதே வேளையிலும், சுலைமனோவ் அருமையாக ஆடினார், வெற்றிக்குத் தகுதியானவர் என்பதைச் சொல்லக் கார்ல்சன் தவறவில்லை.

வெற்றிக்கு முயன்றதில் பிழையில்லை. ஆனால் 23ஆம் நகர்த்தலில் உங்கள் குதிரை பலகையின் ஓரத்தில் வேலையின்றி நின்றுகொண்டிருந்தது. டிராவை விலக்கிவிட்டு அதை நடுவுக்குக் கொண்டுவந்திருந்தால், ராஜாவின் அரணும் குலையாமல் இருந்திருக்கும், ஆட்டமும் நீண்டிருக்கும்.